கங்கையின் தலைமடை

என் அக்காள் புருஷன் அடைக்கலம் முப்பத்தெட்டு வருடம் வடகரைப்பட்டிக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தார். அத்தனை வருடத்தில் அவர் முறை தவறித் தண்ணீர் விட்டது ஒரே ஒரு நாள். அதுவும் பனிக்கட்டி மலைக்குப் போய்வந்த வருடம். ஊரில் இதைப் பலரும் பல விதமாகச் சொல்கிறார்கள். அவரோடு கூடப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் மற்றவர்களிடம் போவது நல்லது.

என் பெயர் நாகராசு. சண்டைக் காலத்தில் ராணுவத்தில் ஐந்து வருடம் டேராடூன் பக்கம் அரிசி மூட்டைக் கிட்டங்கியில் இருந்தேன். 1948 முதல் திருச்சி–புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர். கீரனூரில் ஏறுகிற ஆபீஸ்காரர்கள் தாமதமாக எழுந்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். பத்து வருடமாகத் திட்டு வாங்குகிறவனுக்கு வாய் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீர்பாய்ச்சி என்றால் கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிற ஆள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, எதற்கு அடுத்து எது என்பதெல்லாம் எந்தக் காலத்திலோ முடிவாகிவிட்டது. அதற்குத்தான் முறை என்று பெயர். புதுக்கோட்டைச் சமஸ்தானமே போய் இந்தியாவோடு சேர்ந்தது, எங்கள் ஊர்த் தண்ணீர் முறை மாறவில்லை. மடைக்கு நேர் கீழே இருப்பது தலைமடை வயல். அது ரத்தினவேல் வீட்டுடையது, முதல் தண்ணீர் அதற்கு. வாய்க்கால் முடிகிற இடத்தில் இருப்பது கடைமடை. அந்தத் துண்டு என் அக்கா செங்கமலத்துக்கு எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது. அதற்கு ஒட்டினாற்போல் என் வயல். எங்களுக்கும் ரத்தினவேலுக்கும் நடுவில் இருபத்திரண்டு வயல்கள்.

எங்கள் கண்மாய் மடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதனால் வந்தது. அது குமிழி மடை. கரையில் இருக்காது. கண்மாய்க்குள்ளே, ஆழத்தில், இரண்டு கல்தூண் நிற்கும். தூண்களுக்கு நடுவில் அடியிலே ஒரு கல்தொட்டி, அதன் மூடியில் ஒரு துளை, துளைக்கு ஒரு கட்டை. நீந்திப் போய், முழுகி, அந்தக் கட்டையைப் பிடுங்க வேண்டும். தண்ணீர் சுழித்துக்கொண்டு துளைக்குள் இறங்கி, கரைக்கு அடியில் இருக்கிற சுரங்கம் வழியாகப் போய், அந்தப் பக்கம் வாய்க்காலில் வெளிவரும். வெளியூர்க்காரர்கள் வாய்க்காலில் தண்ணீர் வருகிற பொந்தைப் பார்த்து அதுதான் மடை என்பார்கள். அத்தான் அவர்களைத் திருத்த மாட்டார். ஆனால் அதன் பிறகு அவர்களோடு பேச மாட்டார்.

மடைக்கு இறங்குமுன் கரையிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். மடை அவருக்குச் சாமி. முதல் வயலுக்குத் தண்ணீர் வந்ததும் வாய்க்காலில் ஒரு எருக்கம் இலையைப் போட்டுவிட்டு அதோடு கூடவே ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டு நடப்பார். பத்து எட்டு நடந்ததும், இந்த வருடம் கடைசி வயலுக்குத் தண்ணீர் எந்த நேரம் போய்ச் சேரும் என்று சொல்வார். சொன்னபடி சேரும். என் பஸ் கீரனூருக்கு எத்தனை மணிக்கு வரும் என்று பஸ் முதலாளியால்கூட அப்படிச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவரைக் கட்டிக்கொண்ட என் அக்காவின் வயல்தான் ஊரிலேயே அதிகம் காய்ந்தது. 1952இல் மழை பொய்த்தது. கண்மாயில் கால்வாசித் தண்ணீர். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அக்கா கஞ்சிக் கலயத்தோடு கரைக்குப் போனாள். அன்று நானும் அங்கே நின்றேன்.

“அரை நாழிகை விடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல.”

“முறை வரட்டும்.”

“முறை வர்றதுக்குள்ள தண்ணி தீந்துரும்.”

“தீந்தா நான் என்ன செய்ய?”

தண்ணீர் தீர்ந்தது. அக்கா வயலில் விளைந்தது வைக்கோல். அதை அவளே அறுத்து, அவளே சுமந்து வந்து மாட்டுக்குப் போட்டாள். நீர்பாய்ச்சி பெண்டாட்டி வயலே காய்கிறது, இவரிடம் ஓரவஞ்சனை கிடையாது என்று ஊர் முழுக்க மெச்சியது. அந்த மெச்சலைக் கேட்டுத்தான் அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சோற்றை வைப்பாள், போய்விடுவாள். அந்த மாதம் வீடு எப்படி இருந்தது என்று பின்னால் நான் கேட்டதற்கு, “சத்தமில்லாம இருந்துச்சு” என்றார் அத்தான்.

1956 ஆவணியில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பதினோராம் நாள் எங்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் எரித்த எலும்பை ராமேசுவரம் கொண்டுபோய்க் கடலில் கரைப்பது வழக்கம். அதைப் பற்றித்தான் பேசினாள்.

“ராமேசுவரத்துல போட்டுறாதீங்க. கடலுங்குறது எல்லாத் தண்ணிக்கும் கடைமடை. முப்பது வருசம் கடைமடையிலயே கெடந்துட்டேன். கங்கையில போடுங்க. அதுலயும் தலைமடையில போடுங்க. வாக்குக் குடுங்க.”

“குடுத்தேன்” என்றார் அத்தான்.

மறுநாள் போய்விட்டாள். ஜன்னியில் பிதற்றியது, இதற்காகவா அவ்வளவு தூரம் என்று உறவில் சிலர் சொன்னார்கள். பிதற்றல் இல்லை. அக்கா கோபத்தில் இருந்தாள். அவள் கோபம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அத்தானுக்கும் தெரிந்திருந்தது. சாவுக்கு அவர் அழவில்லை. எலும்பை ஒரு சிறிய மண்கலயத்தில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால் கண்மாய்க் கரை மருத மரத்தில் தொங்கவிட்டார். இரண்டு வருடம் கூலி நெல்லைச் சேர்த்து விற்றார். அந்த இரண்டு வருடமும் மடைக்குப் போகிறபோதும் வருகிறபோதும் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார்.

1958 வைகாசியில் எங்கள் பஸ்ஸில் ஏறி வந்து, திருக்கோகர்ணம் தாண்டியதும் என்னிடம் கேட்டார்.

“மாப்ளே, ஒனக்கு இந்தி தெரியும்ல?”

“அரிசி மூட்டை, வரிசையில நில்லு, சாப்பாடு ரெடி, இம்புட்டுத்தான் தெரியும் அத்தான்.”

“அது போதும். கங்கைக்குத் தலைமடை எங்கிட்டு இருக்குன்னு கேக்கணும். அம்புட்டுத்தான்.”

நாற்பது நாள் லீவு கேட்டேன். கண்டக்டர் வேலைக்கு நாற்பது பேர் காத்திருக்கிறார்கள் என்று முதலாளி சொன்னார். அக்கா எலும்பு என்றேன். லீவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

புதுக்கோட்டையில் ரயில் ஏறினோம். கலயத்தை மடியிலேயே வைத்திருந்தார் அத்தான். விழுப்புரத்தில் ஏறிய ஒரு குடும்பம், ஊறுகாயா ஐயா என்று விசாரித்தது. “இல்லிங்க, என் பொஞ்சாதி” என்றார். அடுத்த ஸ்டேஷனில் எங்கள் பெஞ்சு காலியானது. மெட்ராஸ் தாண்டிய பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் நான் இந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று. என் இந்தியில் அது எப்படிக் கேட்டதோ, டெல்லி வரை எங்களுக்குக் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைத்தது.

ஹரித்துவாரத்தில் கங்கையைப் பார்த்ததும் நான் கும்பிட்டேன். அத்தான் கும்பிட்டுவிட்டு, அங்கே வெள்ளைக்காரன் காலத்தில் கட்டின கால்வாய் மதகுகளைப் பார்க்கப் போய்விட்டார். அரை நாள் அங்கேயே நின்றார். வேலை சுத்தமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

“இங்கயே போட்டுறலாமே அத்தான். எல்லாரும் இங்கதான போடுறாங்க.”

“எல்லாரும் போடுறாங்கன்னா இது நடுமடை. மேல போகணும்.”

மேலே போனோம். பஸ் போகிற வரை பஸ், அதற்குப் பிறகு நடை. ஒரு வாரத்துக்கு மேல் நடந்தோம். கங்கோத்திரி என்ற ஊரில் கோயில் இருந்தது, தர்மசாலை இருந்தது, வந்தவர்களெல்லாம் முழுகி எழுந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஆறு அதற்கும் மேலிருந்து வந்தது. அத்தான் ஆற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வழிகாட்டி தேடப் போனேன்.

பல்பீர் என்று ஒரு மலைக்காரன் கிடைத்தான். முப்பது வயது. குளிரில் நாங்கள் நடுங்குவதைப் பார்த்து, எங்கள் கால்களுக்குக் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டான். நான் ராணுவ பூட்ஸின் மேல் கட்டிக்கொண்டேன். அத்தானுக்கு டயர்ச் செருப்பு. கங்கை எங்கே பிறக்கிறது என்று கேட்டதற்கு, பனிக்கட்டிக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, பசுவின் வாய் என்று பெயர், ஒன்றரை நாள் நடை என்றான். அங்கே போய் எலும்பைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முடிவானது. இதுதான் திட்டம்.

இரண்டாம் நாள் காலையில் அங்கே போய்ச் சேர்ந்தோம். பனிமலை என்றால் வெள்ளை வெளேர் என்று இருக்கும் என நினைத்திருந்தேன். மேலே முழுக்கக் கல்லும் மண்ணும், நம்மூர்க் கல் குவாரி போல. முன்பக்கம் மட்டும் பச்சையும் நீலமுமாக ஒரு பெரிய சுவர், அதன் அடியில் ஒரு பொந்து, பொந்திலிருந்து கங்கை இரைந்துகொண்டு வந்தது. அவ்வப்போது சுவரிலிருந்து வீட்டளவு கட்டிகள் உடைந்து ஆற்றில் விழுந்தன. பல்பீர் எங்களை எட்டத்திலேயே நிறுத்தினான். அக்கா, வந்துவிட்டோம் என்று வாய்விட்டே சொன்னேன்.

அத்தான் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரின் உயரத்தைப் பார்த்தார்.

“இது மடை இல்ல மாப்ளே.”

“என்னத்தான் சொல்றீங்க?”

“இது கரைக்கு வெளிய தண்ணி விழுகுற எடம். இது கரை. கண்மாய் அங்கிட்டு உள்ள இருக்கு. மடை கண்மாய்க்குள்ளதான இருக்கும்?”

நான் தலையில் கை வைத்தேன். உலகத்தில் யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள், எங்கள் ஊர்க்காரன்தான் செய்வான். என்ன கஷ்டம் என்றால், எனக்கும் அது சரி என்றே பட்டது. பல்பீரிடம் கேட்டேன். மேலே பனிக்கட்டி மைல் கணக்கில் போகிறது, அங்கே தண்ணீர் இல்லை, விரிசல்தான் இருக்கிறது, யாரும் எலும்பு போட அங்கே போனதில்லை என்றான். முதல் பாதியை மட்டும் அத்தானுக்குச் சொன்னேன். “அப்ப கண்மாய் பெருசுதான்” என்று சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

பக்கத்துச் சரிவு வழியாக ஏறிப் பனிக்கட்டியின் மேல் நடந்தோம். பல்பீர் முன்னால் கம்பால் தட்டித் தட்டிப் போனான். அவன் கால் வைத்த இடத்தில்தான் நாங்கள் கால் வைக்க வேண்டும். கல்லும் சரளையும் காலுக்கடியில் புரண்டன. மூச்சு வாங்கியது. நான் இரண்டு முறை விழுந்தேன், மூன்றாம் முறை விழுந்தபோது எழுந்திருக்கலாமா என்று யோசித்தேன். அத்தான் விழவில்லை. கலயத்தை மார்போடு துண்டால் கட்டியிருந்தார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். எட்டு எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்.

உச்சிப் பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் கல் இல்லாத வெறும் பனிக்கட்டிப் பரப்பு ஒன்று வந்தது. வெயிலில் அது உருகி, ஒரு ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடையோடு கூடவே போனோம். அண்டா வாயளவு ஒரு துளை. தண்ணீர் சுழித்துச் சுழித்து அதற்குள் இறங்கியது. கீழே எங்கேயோ ஆழத்தில் அதன் இரைச்சல் கேட்டது.

அத்தான் நின்றுவிட்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“குமிழி” என்றார்.

பல்பீரும் ஆமென்றான். இந்தத் துளையில் விழுகிற தண்ணீர் அடியோடே ஓடிப் பசுவின் வாயில் வெளியே வரும் என்றான். எவ்வளவு நேரத்தில் என்று அத்தான் கேட்கச் சொன்னார். சீக்கிரமே என்றான் அவன். அத்தான் ஓடை ஓடுகிற வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒரு நாழிகை” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெளியூர்க்காரர்கள் பொந்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். கங்கையின் உண்மையான மடையை வடகரைப்பட்டி நீர்பாய்ச்சி வந்து கண்டுபிடித்திருக்கிறார். அக்கா கேட்ட தலைமடை இதுதான். போடுவது ஒன்றுதான் பாக்கி.

அத்தான் துண்டை அவிழ்த்துக் கலயத்தைக் கையில் எடுத்தார். துளைக்கு எட்டடி தூரத்தில் நின்றார். பிறகு குனிந்து, காலில் சுற்றியிருந்த சாக்கை அவிழ்த்தார். செருப்பைக் கழற்றினார்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். தடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. மடைக்குப் போகிறவர் செருப்பைக் கழற்றுவார், முப்பது வருடமாகப் பார்க்கிற காட்சி. பல்பீர்தான் கத்தினான். அவன் இந்தியில் கத்தியது அத்தானுக்கு விளங்கவில்லை. வெறுங்காலோடு ஈரப் பனிக்கட்டியில் ஒரு எட்டு வைத்தார், இரண்டாவது எட்டில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார்.

கலயம் கையை விட்டுப் போனது. துளைப் பக்கம் போகவில்லை. அங்கிட்டு ஒரு விரிசல் இருந்தது, ஒன்றரைச் சாண் அகலம், தண்ணீர் இல்லாத வெறும் விரிசல். கலயம் மெதுவாகத்தான் உருண்டது. நான் எட்டிப் பிடித்திருக்கலாம், என் கால் நகரவில்லை. உள்ளே விழுந்து மூன்று இடத்தில் தட்டியது. நான்காவது சத்தம் கேட்கவில்லை.

அத்தான் தவழ்ந்து போய்க் குப்புறப் படுத்து விரிசலுக்குள் கையை விட்டார். தோள் வரை போனது. விரல்களைத் துழாவினார். உள்ளே நீலமாக இருந்தது, அதற்குக் கீழே இருட்டு. குமிழிக்கு முழுகுகிறவர் இல்லையா, தலையையும் விடப் பார்த்தார், தலை போகிற அகலம் இல்லை. நானும் பல்பீரும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டோம். அப்படியே பனிக்கட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். சாவு வீட்டில் அழாதவர். “தாயி, தாயி” என்றார். அக்காவை அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

பல்பீர் வானத்தைப் பார்த்துவிட்டு எங்களை எழுப்பினான். அத்தான் கால் நீலம் பாரித்திருந்தது. அவன்தான் உட்கார்ந்து சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டான்.

திரும்புகிற வழியில், பனிக்கட்டியின் மேல் தனியாகக் கிடந்த ஒரு பெரிய பாறையின் மறைவில் டீ காய்ச்சினான். எங்களைத் தேற்ற நினைத்து ஒரு விஷயம் சொன்னான். உங்கள் கலயம் எங்கேயும் போய்விடாது, இந்தப் பனிக்கட்டி முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது, உள்ளே விழுந்தது என்றைக்காவது பசுவின் வாய்க்கு வந்தே தீரும் என்றான். இதை நான் மொழிபெயர்த்ததும் அத்தான் தலை நிமிர்ந்தது.

“எம்புட்டு வேகத்துல நகருதாம்?”

பல்பீருக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பாறையைத் தெரியும். அவன் பிறந்த வருடம் அவன் அப்பா ஆடு மேய்க்க வந்தபோது இந்தப் பாறை அதோ அந்தச் சின்ன அருவிக்கு நேராக இருந்ததாம். அப்பா அடிக்கடி சொல்வாராம். இப்போது இங்கே வந்திருக்கிறது.

அத்தான் டீயை வைத்துவிட்டு எழுந்தார். பாறையிலிருந்து அருவிக்கு நேராக இருக்கிற இடம் வரை எட்டு எண்ணிக்கொண்டு நடந்து போனார். அந்தப் பாறை அவருக்கு எருக்கம் இலை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நானூத்திப் பத்து எட்டு. இவனுக்கு வயசு முப்பது. நான் எண்ணிட்டு வந்தேன், பசு வாயிலேருந்து அந்த விரிசலுக்கு மூவாயிரத்து ஐந்நூறு எட்டு.” விரலை மடக்கினார். “இருநூத்தி அம்பத்தாறு வருசம் மாப்ளே.”

“எறக்கம் இருக்குல்ல அத்தான். கொஞ்சம் கொறையும்.”

“வளைவும் இருக்கு.”

டீ ஆறிப்போய்விட்டது. அவர் அதைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பல்பீரிடம் கொடுத்தார்.

“எட்டடி தள்ளி விழுந்துருந்தா ஒரு நாழிகை” என்றார். “மறுபடியும் அவளுக்குக் கடைசித் தண்ணிதான். என் கையாலயே.”

ஊருக்குள் நுழைந்ததும், தலைமடையிலேயே போட்டாச்சு என்று நான் எல்லோருக்கும் சொன்னேன். பொய்யில்லை, பாதி உண்மை. அத்தான் என் பின்னாலேயே வந்து ஒவ்வொருவரிடமும் மீதிப் பாதியைச் சொன்னார். செருப்பைக் கழற்றியது, வழுக்கியது, இருநூற்று ஐம்பத்தாறு வருடம், எல்லாம். கேட்டவர்கள் ஊருக்கு வந்த கலெக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். மருத மரத்தடியில் நிற்பதை மட்டும் அவர் விடவில்லை. மரத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

அந்த ஐப்பசியில் மேற்கே மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் கரை தட்டியது. முதல் தண்ணீர் திறக்கிற நாளில் ஊரே கரைக்கு வரும். நானும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். தேங்காய் உடைத்தார்கள். அத்தான் செருப்பைக் கழற்றினார், நீந்திப் போனார், முழுகினார். தூண்களுக்கு நடுவில் தண்ணீர் சுழிக்கத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எல்லோரும் கலைந்து அவரவர் வயலுக்குப் போனார்கள்.

அத்தான் ஈரத்தோடு கரை இறங்கி வந்து மண்வெட்டியை எடுத்தார். ரத்தினவேல் வயலுக்குத் தண்ணீர் திரும்புகிற வாமடையை மண் போட்டு அடைத்தார். அடுத்த வயல் வாமடையையும் அடைத்தார். மூன்றாவதுக்குப் போகும்போது ரத்தினவேல் வேகமாக வந்தார். அவர் ஊரில் பெரிய ஆள், சத்தம் போட்டே பழக்கப்பட்டவர்.

“என்ன அடைக்கலம், என் வாமடைய அடைச்சுட்டு வாரே?”

“இன்னைக்கு மொதத் தண்ணி கடைமடைக்குங்க.”

“ஆரு சொன்னா?”

“செங்கமலம் சொன்னா. முப்பது வருசமாச் சொன்னா.”

ரத்தினவேல் கடைமடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். “எம்புட்டு நேரம்?” என்று கேட்டார்.

“அரை நாழிகை. அவ கேட்டது அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் ஒங்க முறை. முறை தப்புனதுக்கு ஊர் என்ன செஞ்சாலும் சரிங்க.”

ரத்தினவேல் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்ற வயல்காரர்களும் அப்படியப்படியே நின்றுகொண்டார்கள். அத்தான் இருபத்து நான்கு வாமடைகளையும் அடைத்தார், கடைசியாக அடைத்தது என் வயலுடையது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் செத்தையையும் சருகையும் தள்ளிக்கொண்டு வந்தது. அதன் நுனியோடு கூடவே அவர் நடந்தார். இலை போடவில்லை, எட்டு எண்ணவில்லை.

அக்கா வயலில் தண்ணீர் நுழைந்தது. வெடித்துக் கிடந்த மண் அதைக் குடித்தது. ஒவ்வொரு வெடிப்பாக நிரம்பி, நிரம்பிய பிறகு அடுத்ததற்குப் போனது. அந்த வயலில் முதல் தண்ணீரை நான் அன்றுதான் பார்த்தேன்.

“அக்கா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும் அத்தான்.”

“இல்ல. ‘இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்’னு சொல்லியிருப்பா.”

அப்படித்தான் சொல்லியிருப்பாள். அவர் வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது.

“அரை நாழிகை ஆயிருச்சு அத்தான்” என்றேன்.

“தெரியும் மாப்ளே” என்றார்.

மண்வெட்டியை எடுக்கவில்லை. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ரத்தினவேல் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.